சிங்க் பட்டனை அழுத்தினால் டிஜே இல்லையா?

கேள்வி இதுதான்: "ஆறு மாதத்துக்கு முன் ஒரு சின்ன டிஜே கன்ட்ரோலர் வாங்கினேன். வீட்டிலேயே பழகுகிறேன். சிங்க் பட்டனைப் போட்டுத்தான் மிக்ஸ் செய்கிறேன். பல வருடமாக டிஜேயாக இருக்கும் நண்பர் ஒருவர், 'இது டிஜே வேலையே இல்லை, முதலில் வினைல் இசைத்தட்டில் பழகு' என்கிறார். டர்ன்டேபிள் வாங்கவேண்டுமா? கிளப்பில் வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்? டிஜே பெயர் எப்படி வைப்பது?"

இரண்டு பாட்டின் வேகத்தையும் பீட்டையும் தானாகப் பொருத்திவிடும் சிங்க் பட்டனைப் போடுவதில் தப்பில்லை. ஆனால் அது இல்லாமலும் மிக்ஸ் செய்யத் தெரியவேண்டும். இசைத்தட்டைச் சுற்றும் டர்ன்டேபிள் இப்போதைக்கு வேண்டாம். மற்றதற்குக் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வரவேண்டும். பதினைந்து வருடத்துக்கு மேல் இரவுகளை டிஜே பூத்தில் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது: இந்த வேலையில் கைக்கு இருப்பது கால்வாசி, மீதி முக்கால்வாசியும் காதுக்கு. நீங்களும் உங்கள் நண்பரும் அந்தக் கால்வாசியை வைத்துத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, அந்தச் சண்டையை முதலில் முடித்துவிடலாம். இரண்டு பாட்டின் பீட்டை ஒன்றாக ஓடவிட்டு, ஆட்டம் நிற்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வித்தையைப் பரப்பியவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் ஃபிரான்சிஸ் கிராசோ. 1970-ஐ ஒட்டி நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த சாங்க்சுவரி என்ற கிளப்பில் அவர் பாட்டுப் போட்டார். அன்றைய பாட்டுகளில் டிரம்ஸ் வாசித்தது மனிதர்கள். ஒரே பாட்டுக்குள்ளேயே வேகம் ஏறும், இறங்கும். அதைக் காதால் பிடித்து இன்னொரு பாட்டோடு பூட்டுவது லேசான காரியமில்லை. இதே காலத்தில் இதே ஊரில், 1970 பிப்ரவரி 14 அன்று, தான் குடியிருந்த இடத்திலேயே லாஃப்ட் என்ற நடன விருந்துகளைத் தொடங்கியவர் டேவிட் மன்குசோ. அவர் பிற்காலத்தில் பாட்டுகளைக் கலக்கும் மிக்சரையே ஒதுக்கி வைத்துவிட்டார். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை முழுதாகப் போடுவார். முடிந்ததும் சின்ன இடைவெளி, ஆடுகிறவர்கள் கைதட்டுவார்கள், பிறகு அடுத்த பாட்டு. பின்னால் வந்த பெரிய டிஜேக்கள் பலர், இப்படி மிக்ஸே செய்யாத மனிதரைத்தான் குருவாக நினைக்கிறார்கள். இவர்களோடு நியூயார்க்கின் பிராங்க்ஸில் இருந்த கூல் ஹெர்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று தன் சகோதரி நடத்திய விருந்தில் பாட்டுப் போட்டவர். பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் அந்தச் சில நொடிகளுக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருப்பதைக் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, அந்தத் துண்டை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். ஹிப்ஹாப் அங்கிருந்துதான் கிளம்பியது.

ஒருவர் பூட்டினார், ஒருவர் பூட்டவே இல்லை, ஒருவர் வெட்டி ஒட்டினார். இதில் எது உண்மையான டிஜே வேலை என்று உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் காதால் பீட்மேட்ச் செய்ய, அதாவது பீட்டைப் பொருத்த, ஏன் கற்கவேண்டும்? ஏனென்றால் சிங்க் பட்டன் பாட்டைக் கேட்பதில்லை. மென்பொருள் போட்டு வைத்த பீட் கோடுகளைப் பார்த்துத்தான் அது பூட்டுகிறது. கோடு தப்பாக விழுந்திருந்தால் தப்பாகவே பூட்டும், முழுத் தன்னம்பிக்கையோடு. பழைய டிஸ்கோ, ஃபங்க், மனிதர் டிரம்ஸ் வாசித்த எதைப் போட்டாலும் இந்தச் சிக்கல் வரும். கிளப்பில் உங்களுக்கு முன்னால் போடுகிறவர் வினைலில் முடித்தால், அவருடைய கடைசிப் பாட்டோடு சிங்க் ஆக உங்கள் கருவிக்கு வழியே இல்லை. இதையெல்லாம் விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இரண்டு மாதம் காதால் பழகினால், பாட்டை நீங்கள் கேட்கும் விதமே மாறிவிடும்.

கணக்கு எளிது. 124 பிபிஎம் (நிமிடத்துக்கு 124 பீட்) வேகத்தில் ஓடும் பாட்டில் ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 0.484 நொடி. பக்கத்தில் 125-இல் ஒரு பாட்டை ஓடவிட்டால் அதற்கு 0.48 நொடி. ஒன்றுமில்லாத வித்தியாசம் போலத் தெரிகிறது, இல்லையா? 32 பீட் கழித்து, அதாவது பதினாறு நொடிக்குள், இரண்டும் கால் பீட் விலகி நிற்கும். 'தும்... தும்...' என்று ஒன்றாக விழவேண்டிய கிக் டிரம் அடி 'ததும்... ததும்...' என்று தடுக்கும். ஆடுகிறவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாது. ஆனால் அவர்கள் கால் தடுமாறும், அதை நீங்களே பார்க்கலாம்.

பழகும் முறை: கன்ட்ரோலர் திரையில் வேகமும் அலைவடிவமும் தெரியும் இடத்தை ஒரு காகிதத்தால் மூடுங்கள். நேரான கிக் உள்ள ஹவுஸ் என்ற நடன இசையில் இரண்டு பாட்டுகளை எடுங்கள். ஒன்றை ஸ்பீக்கரில் விடுங்கள், இன்னொன்றை ஹெட்ஃபோனில் ஒரு காதில் மட்டும். புதுப் பாட்டு முந்துகிறதா, பின்தங்குகிறதா? ஆரம்பத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. புதுப் பாட்டை வேண்டுமென்றே நன்றாக மெதுவாக்கிவிடுங்கள். இப்போது அது பின்தங்குகிறது என்பதில் சந்தேகம் இல்லை. அங்கிருந்து வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். 'ததும்' நெருங்கி நெருங்கி ஒரு இடத்தில் 'தும்' ஆகும். கிக்கை விட ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டைக் கவனித்தால் விலகல் சீக்கிரம் தெரியும், அதன் சத்தம் கூர்மையானது. தினம் இருபது நிமிடம் போதும். ஒருநாள் மாலை முழுவதும் வராமல் வெறுத்துப்போய் மூடிவிட்டுப் போவீர்கள், மறுநாள் காலை சாதாரணமாக வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது. வந்தபிறகு சிங்க்கைத் தாராளமாகப் போடுங்கள். நானும் போடுகிறேன், கை வேறு வேலையில் இருக்கும்போது.

பீட் சேர்ந்தால் மட்டும் மிக்ஸ் ஆகிவிடாது. கிளப் இசை நான்கு நான்கு பீட்டாக நடக்கிறது, நான்கு பீட் ஒரு பார், எட்டு பார் சேர்ந்தால் 32 பீட். புதுச் சத்தம் நுழைவது, பாடல் தொடங்குவது, டிரம்ஸ் நிற்பது எல்லாம் பெரும்பாலும் இந்த 32-இன் எல்லையில் நடக்கும். உங்கள் புதுப் பாட்டும் அந்த எல்லையில்தான் தொடங்கவேண்டும். நடுவில் தொடங்கினால் பீட் கச்சிதமாகப் பொருந்தியிருந்தும் காதுக்கு ஏதோ உறுத்தும், ஒருவர் பேசி முடிக்கும் முன்பே இன்னொருவர் குறுக்கே பேசுவது போல. பஸ்ஸில் போகும்போதும் பாட்டை எண்ணிக்கொண்டே கேளுங்கள். கொஞ்ச நாளில் எண்ணாமலே உடம்புக்குத் தெரியும்.

அடுத்தது பேஸ், பாட்டின் கனத்த அடி ஒலி. ஒரு கிளப்பின் சப்வூஃபரில் இரண்டு பாட்டின் பேஸ் ஒரே நேரத்தில் ஓடினால் சேறு கலங்கியதுபோல ஆகிவிடும். ஆகவே புதுப் பாட்டை பேஸ் முழுதாக இறக்கிய நிலையில் உள்ளே விடுங்கள். டிரம்ஸின் மேல்பகுதி மட்டும் மெல்லச் சேரட்டும். 32 பீட்டின் கடைசி நான்கு வரும்போது இடது கை பழைய பாட்டின் பேஸ் குமிழில், வலது கை புதிய பாட்டின் பேஸ் குமிழில். ஒன்றாவது பீட் விழும் கணத்தில் இதை இறக்கி அதை ஏற்றுங்கள். ஆடுகிறவர்கள் யாரும் மேலே பார்க்கமாட்டார்கள், ஆனால் தரை மாறியது அவர்கள் உள்ளங்காலுக்குத் தெரியும். இந்த ஒரு அசைவை ஐந்நூறு தடவை செய்துபாருங்கள். எஃபெக்ட் பட்டன்களை அதற்குப் பிறகு தொடலாம். (புதிதாக வருகிறவர்கள் எக்கோவை எங்கே போடுகிறார்கள் தெரியுமா? மிக்ஸ் சொதப்பிய இடத்தில். எல்லோருக்கும் அது தெரிந்துவிடும்.)

டர்ன்டேபிள் விஷயம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வெளிவந்தது 1972-இல். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நீள ஃபேடரோடு எம்கே2 வந்தது 1979-இல். பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுற்றும் அமைப்பு என்பதால் கையால் நிறுத்திப் பிறகு கையை எடுத்தால் உடனே வேகம் பிடிக்கும். அதுதான் பல வருடம் கிளப்புகளின் தரமாக இருந்தது. 2010-இல் உற்பத்தி நின்றது, 2016-இல் திரும்ப வந்தது. அருமையான கருவி, எனக்கு அதன் மேல் இன்னும் காதல் உண்டு. ஆனால் நல்ல ஜோடி ஒன்று, ஊசிகள், மிக்சர், இசைத்தட்டுகள் எல்லாம் சேர்த்தால் பெரிய செலவு. அந்தப் பணத்தில் எத்தனை பாட்டு வாங்கலாம், எத்தனை இரவு டிக்கெட் எடுத்து உள்ளே போய்க் கேட்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கிராட்ச், அதாவது தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்துச் சத்தம் எழுப்புவது, பழக ஆசையிருந்தால் மட்டும் கதை வேறு. அதற்குச் சுற்றும் தட்டுக்கு ஈடு எதுவும் இல்லை. மற்றபடி பெரும்பாலான கிளப்புகளில் இன்று நீங்கள் தொடப்போவது பென் டிரைவ் செருகும் சிடிஜே பிளேயர்களைத்தான். பயனியர் சிடிஜே-1000 வந்த 2001-லிருந்தே இந்த மாற்றம் நடக்கிறது. வாங்கவேண்டாம், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஸ்டுடியோ இருந்தால் மூன்று நான்கு தடவை போய்ப் பழகினால் போதும். இப்போது செலவு செய்யவேண்டியது ஒரு நல்ல, காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனுக்குத்தான்.

பாட்டுகளைப் பற்றி. உங்கள் சேகரிப்பில் இப்போது எத்தனை இருக்கும்? ஆறு மாதத்தில் நாலாயிரம் ஐயாயிரம் என்று இறக்கி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் முந்நூறைக் கூட அவர்கள் முழுதாகக் கேட்டிருக்கமாட்டார்கள். நூறு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிமிடத்தில் குரல் வருகிறது, எங்கே டிரம்ஸ் நிற்கிறது, எந்த இடத்தில் வெளியேறினால் அழகு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரியவேண்டும். பாட்டுகளின் கீ, அதாவது ஆதார சுருதி, பொருந்துகிறதா என்று பார்க்க மென்பொருள் கடிகாரம் போல ஒரு சக்கரம் தரும். 8ஏ என்றால் ஏ மைனர், அதற்குப் பக்கத்து 7ஏ, 9ஏ, உள்வட்டத்துக்கு வெளியே 8பி எல்லாம் ஒத்துப்போகும் என்பது விதி. உதவியான விதிதான், ஆனால் அடிமையாகவேண்டாம். சுருதியை மாறாமல் பிடித்து வைக்கும் கீ லாக் போடாமல் வேகத்தை ஆறு சதவீதம் ஏற்றினாலே ஏறக்குறைய ஒரு செமிடோன் (அரைச்சுரம்) நகர்ந்துவிடும். அப்போது திரையில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. சேர்ந்து ஒலித்துக் கேட்டு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பாட்டை விலை கொடுத்து வாங்குங்கள், நல்ல தரத்தில். வீட்டு ஸ்பீக்கரில் மறைந்துவிடும் குறையைப் பெரிய சிஸ்டம் வெளிச்சம் போட்டுக் காட்டும். மெலிந்த 128 கேபிபிஎஸ் கோப்பை 320 ஆக மாற்றினால் கோப்புதான் பெரிதாகும், போன சத்தம் திரும்பாது.

இனி நான் சொல்ல விரும்பிய இடத்துக்கு வருகிறேன். கிளப்பில் உங்களுக்கு முதலில் கிடைக்கப்போவது வார்ம்-அப், கதவு திறந்த முதல் ஒன்றரை மணிநேரம். யாருமே இருக்கமாட்டார்கள். இதைப் பலரும் அவமானமாக நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். என் முதல் வார்ம்-அப்பில் மணி பத்தரை, உள்ளே பதினைந்து பேர், பாதிப் பேர் பாரில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ திறமையைக் காட்டும் அவசரம். 130-க்கு மேல் வேகத்தை ஏற்றி, என்னிடம் இருந்த மிகப் பெரிய பாட்டுகளை வரிசையாக இறக்கினேன். பேஸ் மொத்தமாகத் திரும்பி வரும் ஒவ்வொரு டிராப்பும் காலி அறையில் இடிபோல விழுந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் குரலை உயர்த்தினார்கள், அப்புறம் முகம் சுளித்தார்கள், அப்புறம் புகைபிடிக்கும் இடத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு முக்கிய டிஜே வந்தபோது அவர் போடவேண்டிய இரண்டு பாட்டை நான் ஏற்கெனவே போட்டு எரித்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதல் பாட்டை 118-இல் தொடங்கினார். பூத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

வார்ம்-அப்பில் உங்கள் வேலை, வந்தவர்கள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கிளாஸைக் கையில் எடுக்கும்போது தலை தன்னால் அசையும்படி வைப்பது. ஆடவேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது. பேஸ் உருண்டையாக இருக்கட்டும், குரல் குறைவாக இருக்கட்டும், டிரம்ஸ் நின்றுபோகும் பெரிய பிரேக்டவுன் வேண்டாம். ஆட்டத் தரையின் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். தரைக்குள் முதலில் கால் வைக்கும் அந்த இரண்டு மூன்று பேர்தான் அன்றைய இரவுக்கு முக்கியமானவர்கள். அவர்கள் வந்ததும் பாட்டை மாற்றிப் பயமுறுத்திவிடாதீர்கள், அதே மனநிலையில் இன்னும் இரண்டு பாட்டு. நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் 1987 வரை பாட்டுப் போட்ட லாரி லெவன், இரவின் ஆரம்பத்தில் சாதாரண ஊசிகளை மாட்டி, உச்ச நேரம் நெருங்க நெருங்க உயர்ந்த ஊசிகளுக்கு மாறுவார் என்று சொல்வார்கள். உச்சம் வரும்போது ஒலியே ஒரு படி ஏறியிருக்கவேண்டும் என்று. ஊசி வரைக்கும் யோசித்தாரே!

வால்யூமுக்கும் இதே கதைதான். கதவு திறக்கும்போதே முழுச் சத்தத்தில் ஆரம்பித்தால் நள்ளிரவில் ஏற்ற ஒன்றும் மிஞ்சாது. இங்கே இன்னொரு தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு இரவு எனக்குப் பூத் மானிட்டர், அதாவது டிஜேக்காகவே பூத்தில் வைக்கும் ஸ்பீக்கர், சரியாகக் கேட்கவில்லை. நான் பாட்டின் சத்த அளவான சானல் கெயினை ஏற்றினேன், பிறகு அறை முழுவதற்குமான மாஸ்டரை ஏற்றினேன், மிக்சரில் சிவப்பு விளக்கு நிரந்தரமாக எரிந்தது. சவுண்ட் எஞ்சினியர் வந்து மென்மையாக என் கையை விலக்கி, மாஸ்டரை இறக்கி, மானிட்டர் குமிழைத் தொட்டுக் காட்டினார். அது கால்வாசிதான் திறந்திருந்தது. சிவப்பு என்றால் சத்தம் கூடவில்லை, அலையின் தலை வெட்டப்படுகிறது என்று அர்த்தம். அது காதுக்கும் ஸ்பீக்கருக்கும் கேடு. பச்சையில் ஓட்டுங்கள், உச்சத்தில் மஞ்சள் தொடட்டும். இன்னும் வேண்டுமென்றால் எஞ்சினியரிடம் கேளுங்கள்.

மானிட்டர் ஏன் அவ்வளவு அவசியம் என்றால், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். பெரிய ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தால் அந்தச் சத்தம் உங்களை எட்ட 58 மில்லிநொடி ஆகிறது. 124 வேகத்தில் அது ஒரு பீட்டின் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். அதைக் கேட்டுக்கொண்டு ஹெட்ஃபோனில் இருப்பதைப் பொருத்தினால் கண்டிப்பாக விலகும். வீட்டில் எல்லாம் சரியாக வந்தது, கிளப்பில் மட்டும் சொதப்புகிறதே என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

கிளப் பண்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உள்ளே நுழையப்போகிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். இந்த இசை, வெளியே ஆட இடம் இல்லாதவர்கள் உள்ளே அமைத்துக்கொண்ட இசை. டிஸ்கோவை வளர்த்தது பெரும்பாலும் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், தன்பாலீர்ப்பாளர்கள். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததில் அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. அதே சிகாகோவில், வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977-லிருந்தே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். 'ஹவுஸ்' என்ற பெயரே அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது. செத்துப்போயிற்று என்று கொளுத்தப்பட்ட இசை, டிரம் மெஷினோடு சேர்ந்து அடுத்த தெருவில் மறுபடி எழுந்தது. பக்கத்து டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற பள்ளி நண்பர்கள் டெக்னோவை வடித்தார்கள். பிரிட்டனில் 1994-இல் வந்த ஒரு சட்டம், திறந்தவெளிக் கொண்டாட்டங்களை அடக்குவதற்காக, 'திரும்பத் திரும்ப வரும் பீட்டுகள்' என்று இசைக்கு ஒரு விளக்கமே எழுதியது. ஜெர்மனியோ 2024-இல் பெர்லின் டெக்னோவைத் தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதைத் தெரிந்துகொண்டால் ஆட்டத் தரையைப் பார்க்கும் கண் மாறும் என்பது என் அனுபவம். அங்கே யாராவது ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்வதைப் பூத்திலிருந்து முதலில் பார்க்கக்கூடியவர் நீங்கள். மேடை உயரமாக இருப்பதால் தெரியும். செக்யூரிட்டியை அழைப்பதும் உங்கள் வேலையில் சேர்த்தி என்றே நான் நினைக்கிறேன். போன் கேமரா விஷயத்தில் நான் கொஞ்சம் பழைய ஆள். பெர்லினின் பெர்க்ஹைன் கிளப்பில் வாசலிலேயே கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்கும். படம் பிடிக்கிறவர் ஆடுவதில்லை, பக்கத்தில் இருப்பவரும் படத்தில் வந்துவிடுவோமோ என்று ஆடுவதில்லை.

பாட்டுக் கேட்டு வருகிறவர்கள் இருப்பார்கள். போனை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். எரிச்சல் வரும், காட்டாதீர்கள். சிரித்து, தலையாட்டி, "பார்க்கிறேன்" என்றால் போதும். கல்யாணத்தில், பிறந்தநாள் விருந்தில் பாட்டுப் போடப் போனால் மட்டும் இது தலைகீழ். அங்கே கேட்ட பாட்டைப் போடுவதுதான் வேலை. அதைக் கேவலமாக நினைக்கிற டிஜேக்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டு வயதுப் பிள்ளையையும் எழுபது வயதுப் பாட்டியையும் ஒரே நேரத்தில் ஆட வைத்தவருக்கு எந்தக் கிளப்பும் பயமில்லை.

வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்? மிக்ஸை இணைப்பாக அனுப்பி "ப்ளீஸ் கேளுங்கள்" என்று எழுதுவதால் கிடைப்பது அபூர்வம். எனக்குத் தெரிந்து உள்ளே வந்தவர்கள் எல்லோரும் முதலில் அந்த இடத்தில் ஆடியவர்கள். உங்களுக்குப் பிடித்த இசை ஓடும் இரவுகளுக்குத் தொடர்ந்து போங்கள். சீக்கிரம் போய், வார்ம்-அப் போடும் அந்தப் புது ஆளைக் கேளுங்கள். அவரை யாரும் பாராட்டியிருக்கமாட்டார்கள். "அந்த மூன்றாவது பாட்டு என்னது?" என்று கேட்டுப் பாருங்கள், நண்பராகிவிடுவார். நடத்துகிறவர்களுக்கு உங்கள் முகம் பழகட்டும். யாராவது கடைசி நேரத்தில் வராமல்போகும் நாள் ஒன்று வரும், அன்றைக்கு அவர்களுக்கு நினைவுக்கு வருவது முகம்தான். அதற்குள் ஒரு மணிநேரப் பதிவு ஒன்று தயாராக இருக்கட்டும். உச்ச நேரப் பாட்டுகளால் நிரப்பாமல் வார்ம்-அப் போலவே போட்டது. புது ஆளிடமிருந்து அப்படிப் பதிவு வருவதே அரிது என்பதால் கவனிப்பார்கள்.

"எத்தனை பேரைக் கூட்டி வருவாய்?" என்று கேட்பார்கள். பொய் சொல்லாதீர்கள். பணம் எவ்வளவு, எப்போது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு குறுஞ்செய்தி போதும். இலவசமாக ஒன்றிரண்டு தடவை போடலாம். நுழைவுக்கட்டணம் வாங்கி, பாரும் நிரம்பியிருக்கும் இடத்தில் மூன்றாவது தடவையும் இலவசம் என்றால் நாகரிகமாக விலகிவிடுங்கள்.

அந்த இரவுக்கு: பென் டிரைவ் இரண்டு, இரண்டிலும் ஒரே பாட்டுகள், ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்தது. பழைய பிளேயர்கள் சில ஃபிளாக் கோப்பை வாசிக்காது, எம்பி3-யோ ஏஐஎஃப்எஃப்-போ பாதுகாப்பு. உங்களுக்கு முன்னால் போடுகிறவர் முடிக்கும்வரை மிக்சரைத் தொடாதீர்கள். அவருடைய கடைசிப் பாட்டை முழுதாக ஓடவிடுங்கள், பாதியில் வெட்டுவது மரியாதையில்லை. உங்கள் முறை முடியும்போது பேஸ் முதலிய ஈக்யூ குமிழ்கள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, நீண்ட முடிவுள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, அடுத்தவரிடம் எந்தச் சானல் காலி என்று காட்டிவிட்டு நகருங்கள். குடிப்பதானால் இறங்கிய பிறகு.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனசாட்சி விடாது. 85 டெசிபலில் எட்டு மணிநேரம் வரை தாங்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100-க்கு வந்தால் பதினைந்தே நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கிளப்புகளுக்கும் கச்சேரிகளுக்கும் வைத்த உச்ச வரம்பும் சராசரி 100 டெசிபல்தான். நீங்களோ அதற்குள் வாரம் மூன்று இரவு நிற்க ஆசைப்படுகிறீர்கள். எல்லாச் சுருதியையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் இயர்பிளக் கிடைக்கிறது, உங்கள் காதின் அச்செடுத்தே செய்து தருவார்கள். முதல் சம்பளத்தில் அதை வாங்குங்கள். என் இடது காதில் எப்போதும் மெல்லிய விசில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெட்ஃபோன் வைக்காத காது அது, பத்து வருடம் மானிட்டருக்கு நேராகத் திறந்தே இருந்தது. இதை எழுதும்போதும் கேட்கிறது.

பெயர் விஷயம் பாக்கி. உச்சரிக்கச் சுலபமாக, தேடினால் வேறு யாரும் வராததாக இருந்தால் எது வேண்டுமானாலும் வையுங்கள், சொந்தப் பெயரும் நல்லதுதான். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சுவரொட்டியின் அடியில் ஆகச் சின்ன எழுத்தில் அச்சிட்டாலும் படிக்க முடியவேண்டும். முதல் இரண்டு வருடம் அந்த அளவில்தான் போடுவார்கள்.